தலைமை உபாத்தியாயர்களும் ஜில்லா கல்வி அதிகாரிகளும்

ஒவ்வொரு வருஷமும் பொதுப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில், எந்த ஜில்லா முதலிடம் பெற்றது, எது கடைசியில் நின்றது, எத்தனை பள்ளிக்கூடங்களில் நூற்றுக்கு நூறு பேர் தேறினார்கள் என்ற கணக்குகள் பத்திரிகைகளின் பத்திகளை நிரப்புகின்றன. பிறகு ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. அப்பொழுது எத்தனை பள்ளிக்கூடங்களுக்கு நிலையான தலைமை உபாத்தியாயர் இருக்கிறார், எத்தனை பள்ளிக்கூடங்கள் 'பொறுப்பு' என்ற பெயரில் மற்றோர் ஆசிரியரின் தலையில் சுமத்தப்பட்டிருக்கின்றன, புதிதாக அப்பதவியில் அமர்ந்தவருக்கு அவ்வேலையை யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்ற கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை. அறுவடையை அளக்க ஆயிரம் பேர் வருகிறார்கள். உழுகிறவனைப் பற்றி விசாரிக்க ஒருவரும் இல்லை. இவ்விஷயத்தைப் பற்றிப் பொது ஜனங்கள் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு பள்ளிக்கூடம் உயர்வதும் தாழ்வதும் பெரும்பாலும் அதன் தலைவரைப் பொறுத்தது. இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த உண்மையன்று. சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தராக நீண்ட காலம் விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரின் தலைமையில் 1952-இல் நியமிக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் கமிஷன், ஒரு பள்ளியின் நற்பெயரும் சமூகத்தில் அதற்குள்ள ஸ்தானமும் தலைமை உபாத்தியாயரின் செல்வாக்கைப் பெரிதும் பொறுத்திருக்கின்றன என்று தெளிவாகக் கூறியது. எழுபது ஆண்டுகள் கடந்தும், அந்த வாக்கியத்திற்குத் தலையசைத்திருக்கிறோமேயன்றி, அதன்படி நடக்கவில்லை.

அரசாங்கப் பள்ளிகளில் தலைமை உபாத்தியாயர் எவ்விதம் தோன்றுகிறார்? ஓர் ஆசிரியர் இருபது, இருபத்தைந்து வருஷங்கள் வகுப்பில் கணிதமோ தமிழோ போதித்து வருகிறார். முதுநிலைப் பட்டியலில் அவர் பெயர் மெள்ள மெள்ள மேலே ஏறுகிறது. ஒருநாள் கலந்தாய்வில் ஓர் ஊரின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். மறுவாரம் தலைமை உபாத்தியாயர் நாற்காலியில் அமர்கிறார். அதற்கு முந்திய நாள் வரையில் வரவு செலவுக் கணக்கு எழுதியறியாதவர், சக ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து பாடத்தைக் கவனித்து யோசனை சொல்லியறியாதவர், கோபத்துடன் வந்த பெற்றோர் கூட்டத்தைச் சமாதானப்படுத்தியறியாதவர், அன்று முதல் இவை யாவும் அறிந்தவராக நடக்க வேண்டும்!

முதுநிலை முறையை நாம் அடியோடு பழிக்கவில்லை. சிபார்சும் செல்வாக்கும் பதவிகளைப் பங்கிட்ட காலத்தை மறந்துவிட முடியாது. அத்தகைய அநீதிக்கு எதிரான அரணாகத்தான் ஆசிரியர் சங்கங்கள் முதுநிலைப் பட்டியலைப் போற்றி வருகின்றன. அதில் நியாயம் உண்டு. ஆனால் அரண் வேறு, வழிகாட்டி வேறு. ஒருவருக்கு எப்பொழுது முறை வருகிறது என்பதைப் பட்டியல் சொல்லும். அவர் அதற்கு ஆயத்தமாக இருக்கிறாரா என்பதைச் சொல்லாது. முறை வருவதற்கு முன்னால் அவரை ஆயத்தம் செய்வது இலாகாவின் கடமை. அந்தக் கடமையையே இலாகா தட்டிக்கழித்து வந்திருக்கிறது.

ஆயத்தமின்றி அமர்ந்தவரிடம் நாம் எதிர்பார்ப்பதோ மலையளவு. பாடப்புத்தகம், சீருடை, சைக்கிள் ஆகியவற்றை வாங்கிக் கணக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். மதிய உணவைக் கவனிக்க வேண்டும். ஆரம்பப் பள்ளியானால் 2022-இல் தொடங்கிய காலை உணவையும் கவனிக்க வேண்டும். கல்வித் தகவல் மேலாண்மை முறைமை என்ற கணினிப் பதிவேட்டில் நாள்தோறும் விவரங்களை நிரப்ப வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் உள்ள எத்தனையோ கிராமப் பள்ளிகளில் தலைமை உபாத்தியாயரே வகுப்பும் நடத்துகிறார். குமாஸ்தா என்று ஒருவர் அங்கே கிடையாது. இவ்வளவு சுமைக்கு நடுவில் கற்பித்தலைக் கவனிக்க அவருக்கு எத்தனை நாழிகை மிஞ்சும்? அவருடைய வேலையில் எது முதன்மையானதோ அதுவே கடைசியாகத் தள்ளப்படுகிறது.

இனி, அவரை எடைபோடும் முறையைப் பார்ப்போம். ஜில்லா ஆய்வுக் கூட்டத்தில் தலைமை உபாத்தியாயர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தேர்ச்சி விகிதம் வாசிக்கப்படுகிறது. விகிதம் உயர்ந்தவருக்குக் கைதட்டல். தாழ்ந்தவருக்குச் சபை நடுவே வசவு, சில சமயம் விளக்கம் கேட்டுக் கடிதம். தாழ்ந்ததன் காரணம் என்ன, மூன்று வருஷமாகக் கணித ஆசிரியர் இல்லையா, ஊரில் வேலையின்றிப் பெற்றோர் செங்கற் சூளைக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றார்களா என்று கேட்பவர் அரிது. இதன் விளைவு யாது? தேற மாட்டான் என்று கருதப்படும் பையனை ஒன்பதாம் வகுப்பிலேயே 'வேறு பள்ளி பார்த்துக்கொள்' என்று நயமாகச் சொல்லியனுப்பும் வழக்கம் தலையெடுக்கிறது. பத்தாம் வகுப்பில் மாலை வகுப்பும் இரவு வகுப்பும். ஆறாம் வகுப்பிலோ எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை கேட்பாரற்று உட்கார்ந்திருக்கிறது. நூற்றுக்கு நூறு என்ற எண் பலகையில் ஏறுகிறது. வெளியேற்றப்பட்ட பையனின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

எண்ணைக் கொண்டு பள்ளியை அளக்கும் இந்த நோய் புதிதன்று. 1862-இல் இங்கிலாந்தில் பரீட்சை முடிவுக்கு ஏற்பப் பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பிள்ளைகள் புத்தகத்தை நெட்டுருப் போட்டார்கள். இன்ஸ்பெக்டரைக் கண்டு ஆசிரியர்கள் நடுங்கினார்கள். பரீட்சையில் வராத பாடங்கள் வாடின. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தே அம்முறையைக் கைவிட்டது. நமது சென்னை ராஜதானியிலும் அந்நிய சர்க்கார் அதே முறையை 'ரிசல்ட் கிராண்ட்' என்ற பெயரால் நடத்தியது. அந்நியர் வகுத்த தராசை அவர்களே தூக்கி எறிந்த பின்னர், சுதந்திர நாட்டில் நாம் அதைத் துடைத்து மறுபடியும் தொங்கவிட்டிருப்பது விந்தையிலும் விந்தை!

தேர்ச்சி விகிதம் காணாத விஷயம் ஒன்றுண்டு. அதற்குத் திருநெல்வேலிச் சீமையே சாட்சி. 1922-இல் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நிறுவினார். அவர் தேசத்துக்காக எல்லாவற்றையும் துறந்தவர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனை ஆராய்ந்தவர். தமிழ்நாட்டுக் காங்கிரசும் அந்த ஸ்தாபனத்துக்குப் பொருளுதவி செய்தது. ஆனால் அங்கே பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனிப்பந்தி நடந்தது என்ற செய்தி வெளியானபோது நாடே கொந்தளித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் எழுப்பிய கண்டனம் காங்கிரசையே அசைத்தது. ஐயரின் புலமையையும் தியாகத்தையும் எவரும் ஐயுறவில்லை. பள்ளிக்கூடத்தின் பந்தியில் எல்லாக் குழந்தைகளும் சமமாக உட்காருகிறார்களா என்பதே அன்று பொது ஜனங்கள் கேட்ட கேள்வி. ஒரு பள்ளித் தலைவரை எடைபோடுவதற்கு அதைவிட நேரான கேள்வி இன்றும் இல்லை.

நூறு ஆண்டுகள் சென்றன. அதே ஜில்லாவில் நாங்குநேரியில், 2023 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஒரு தலித் மாணவனை அவனுடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அரிவாள் திடீரென்று முளைப்பதில்லை. அதற்கு முன்னால் வகுப்பறையில் ஏளனம் இருந்திருக்கும், ஏவல் இருந்திருக்கும், கையில் கட்டிய வர்ணக் கயிறு இருந்திருக்கும். இவற்றைக் காண வேண்டிய கண்கள் பள்ளித் தலைவரின் கண்கள். அவை தேர்ச்சிப் பட்டியலில் பதிந்திருக்குமானால் வேறு எதைக் காணும்? இச்சம்பவத்தின்பேரில் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு அவர்களின் ஒருநபர் கமிட்டி 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. ஒரு பிரதேசத்தில் எண்ணிக்கையால் ஓங்கிய ஜாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே கல்வி அதிகாரிகளாகவும் மேல்நிலைப் பள்ளித் தலைமை உபாத்தியாயர்களாகவும் நியமிக்கலாகாது என்பது அதன் யோசனைகளில் ஒன்று. அந்த யோசனையைப் பற்றி வாதப் பிரதிவாதங்கள் இருக்கலாம். ஆனால் யார் தலைமை வகிக்கிறார் என்பது குழந்தையின் உயிரையும் மானத்தையும் தொடும் விஷயம் என்று கமிட்டி உணர்ந்திருக்கிறது. இலாகாவும் உணர வேண்டும்.

தலைமை உபாத்தியாயரைப் பற்றிச் சொன்னோம். அவருக்கு மேலே உள்ள ஜில்லா அதிகாரியைப் பற்றி என்ன சொல்வது? 1854-ஆம் வருஷத்து உட் துரையின் கடிதம் மாகாணந்தோறும் கல்வி இலாகாவையும் அதன் கீழ் இன்ஸ்பெக்டர்களையும் ஏற்படுத்தச் சொன்னது. அன்று பிறந்த இன்ஸ்பெக்டரின் மனோபாவம், பதவிப் பெயர் பன்முறை மாறியும், மாறவில்லை. முன்கூட்டித் தகவல் வருகிறது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது, பதிவேடுகள் அடுக்கப்படுகின்றன. அதிகாரி வருகிறார், கையெழுத்திடுகிறார், குறை எழுதுகிறார், போகிறார். முதலியார் கமிஷன் இந்த இன்ஸ்பெக்டர் என்ற பெயரையே விரும்பாமல், கல்வி ஆலோசகர் என்று அழைப்பதே பொருந்தும் என்று சொன்னது. அதோடு நில்லாமல், அதிகாரி தனியாக வந்து தீர்ப்புச் சொல்வதற்குப் பதிலாக, அனுபவமிக்க ஆசிரியர்களிலும் தலைமை உபாத்தியாயர்களிலும் மூவரைத் தம்முடன் அழைத்து வந்து, இரண்டு மூன்று நாட்கள் பள்ளியிலேயே தங்கி, அங்குள்ள ஆசிரியர்களுடன் கலந்து பேசி மதிப்பிட வேண்டும் என்ற யோசனையையும் கூறியது. இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நாம் எங்கும் தேட வேண்டியதில்லை. தமிழர் ஒருவர் தலைமையில் எழுதப்பட்டது நம் அலமாரியிலேயே தூங்குகிறது.

அதைச் செய்யாமல் நாம் செய்தது என்ன? 2018-இல் ஆரம்பக் கல்விக்கென்று இருந்த தனி ஜில்லா அதிகாரிகளின் பதவியை நீக்கி, எல்லாப் பள்ளிகளையும் முதன்மைக் கல்வி அலுவலரின் குடைக்கீழ்க் கொண்டு வந்தார்கள். 2022-இல் அதை மாற்றி, ஆரம்பக் கல்வி, இடைநிலைக் கல்வி, தனியார் பள்ளி என்று ஜில்லா கல்வி அலுவலர்களை மறுபடியும் பிரித்தார்கள். இரண்டுக்கும் நிர்வாகக் காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டதைத் தவிர, அவற்றில் உட்காருகிறவர்கள் எதைக் கற்க வேண்டும், எதற்காகப் பதில் சொல்ல வேண்டும் என்பது முன்போலவே மங்கலாகக் கிடக்கிறது.

ஒரு கல்வி அதிகாரியால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. காமராஜர் முதன்மந்திரியாக இருந்தபோது நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இலாகாவின் டைரக்டராக இருந்தார். 1956-இல் மதிய உணவு வந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. கிராமத்து மனிதர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சும் மேஜையும் கொடுத்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள். சர்க்காரின் உத்தரவு மட்டும் இதைச் செய்திருக்காது. இலாகாத் தலைவரும் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளும் ஊர்ச் சாவடியில் வந்து உட்கார்ந்து, 'இந்தப் பள்ளிக்கூடம் உங்களுடையது' என்று ஜனங்கள் நம்பும்படி செய்தார்கள். அவர்களுடைய மதிப்பைக் குறிக்க எந்த விகிதமும் தேவைப்படவில்லை. ஊர் கொடுத்த நிலமே போதுமானதாயிருந்தது.

ஆகவே நாம் சர்க்காருக்குச் சொல்லும் யோசனைகள் இவை.

முதலாவது, தலைமை ஏற்பதற்கு முன்னரே பயிற்சி வேண்டும். முதுநிலைப் பட்டியலில் அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் முறை வரக்கூடியவர்களை முன்கூட்டியே அறியலாம். அவர்களைத் திறமை மிக்க ஒரு தலைமை உபாத்தியாயரின் கீழ் ஒரு பருவமேனும் உதவியாளராக இருத்திப் பழக்க வேண்டும். தமிழர் நிறைந்து வாழும் சிங்கப்பூரில், பள்ளித் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைச் சில மாத காலம் வேறு வேலையின்றி முழுநேரப் பயிற்சியில் வைக்கிறார்கள். நம்மிடம் ஜில்லாதோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தை அமைக்கும் ஏற்பாடு 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையிலிருந்தே இருக்கிறது. டில்லியில் பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் 2012-இல் ஏற்பட்டது. சாதனங்கள் இருக்கின்றன, சங்கற்பம் வேண்டும்.

இரண்டாவது, காலியிடம் விழுந்த அன்றே நிரப்பப்பட வேண்டும். யார் எப்பொழுது ஓய்வு பெறுவார்கள் என்பது இலாகாவுக்கு வருஷக்கணக்காக முன்பே தெரியும். பதவி உயர்வு பற்றிய வழக்குகளைக் காரணம் காட்டிப் பள்ளிகளைத் தலைவரின்றி விடுவது, குடும்ப வழக்கு முடியும் வரை குழந்தைக்குச் சோறு போடாதிருப்பதை ஒக்கும்.

மூன்றாவது, மதிப்பீடு மூன்று கேள்விகளை வைத்து நடைபெற வேண்டும். பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் கடைசி வரை நிலைத்தார்கள்? பின்தங்கிய குழந்தை வந்தபோது எந்நிலையில் இருந்தது, இப்பொழுது எந்நிலையில் இருக்கிறது? எல்லாக் குழந்தைகளும் அச்சமின்றி, அவமானமின்றி அங்கே உட்கார முடிகிறதா? தேர்ச்சி விகிதமும் பார்க்கப்படட்டும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண்ணை அதன் பக்கத்திலேயே எழுதிப் பார்க்க வேண்டும். இவற்றை அதிகாரி ஒருவர் அரை மணி நேரத்தில் முடிவு செய்யலாகாது. முதலியார் கமிஷன் சொன்னபடி சக தலைமை உபாத்தியாயர்கள் அடங்கிய குழுவே வந்து தங்கிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஜில்லா கல்வி அதிகாரியை எடைபோட ஒரே கேள்வி போதும்: இவருடைய காலத்தில் இவருக்குக் கீழுள்ள தலைமை உபாத்தியாயர்கள் வளர்ந்தார்களா? தடுமாறிய பள்ளிக்கு ஆசிரியரை அனுப்பினாரா, விளக்கக் கடிதம் மட்டும் அனுப்பினாரா? தலைமை உபாத்தியாயரின் தோல்வியில் அதிகாரிக்கும் பங்கு உண்டு என்று ஏற்பட்டால், ஆய்வுக் கூட்டத்தின் குரலே மாறிவிடும்.

இதைக் கேட்டவுடன், மதிப்பீடு என்ற பெயரில் தண்டனைக்கு வழி தேடுகிறார்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் அஞ்சக்கூடும். நாம் அவர்களுக்குச் சொல்வது இது: இப்பொழுதும் நீங்கள் மதிப்பிடப்பட்டுத்தான் வருகிறீர்கள், ஒரு மனிதரின் கோபத்தினாலும் ஓர் எண்ணினாலும் மதிப்பிடப்படுகிறீர்கள். சக உபாத்தியாயர்கள் வந்து பார்த்துச் சொல்லும் மதிப்பீடு உங்களுக்குப் பாதுகாப்பேயன்றிப் பகையன்று. குறை காணப்பட்டால் முதலில் உதவி, பிறகு அவகாசம், அதன் பின்னரே நடவடிக்கை என்ற வரிசையை எழுத்திலேயே பதியும்படி கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமையில் நாமும் உங்களுடன் நிற்போம்.

இறுதியாக, நமது நேயர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிதோறும் நிர்வாகக் குழு வேண்டும் என்றும், அதில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. 2022-இல் தமிழ்நாடெங்கும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. ஆனால் பல ஊர்களில் குழு கூடுவதென்றால் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது என்றே பொருளாகிவிட்டது. தேச ஊழியர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்கள் மேடைகளில் கல்வியைப் பற்றிப் பேசியது போதும். தம் ஊர்ப் பள்ளிக் குழுவின் அடுத்த கூட்டத்திற்குப் போகட்டும். கூலி வேலைக்குப் போகும் தாய்மார் வந்து பேச வசதியாக நேரத்தை மாற்றச் சொல்லட்டும். தலைமை உபாத்தியாயருக்கு என்ன தேவை என்று முதலில் கேட்கட்டும். அதற்குப் பிறகு, சென்ற வருஷம் ஒன்பதாம் வகுப்பை விட்டுப் போன பிள்ளைகள் எங்கே என்று கேட்கட்டும். இந்த இரண்டு கேள்விகளும் ஊர்தோறும் ஒலிக்குமானால், இலாகாவின் தராசு தானே நேராகும்.